வாசல் விளக்கு எரிந்தால் வரலாம்

ஊரை விட்டுப் போனவர்கள் ஊரை நினைத்து ஏங்குவதற்குத் தமிழில் நிறைய இடம் உண்டு. கதை, கவிதை, சினிமாப் பாட்டு எல்லாம் இருக்கின்றன. திரும்பி வந்தவள், போயிருந்த ஊரை நினைத்து ஏங்கினால் மட்டும் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வருகிறது. அக்காவிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "குளிர் தாங்கலைன்னு பெட்டியைக் கட்டிக்கிட்டு வந்தவதானடி நீ?" என்றாள்.

அதுவும் உண்மைதான். மாசசூசெட்ஸ் குளிர்தான் எங்களை விரட்டியது. இவருடைய முழங்கால் இனி ஒரு பனிக்காலத்தைத் தாங்காது என்று தெரிந்தபிறகு நங்கநல்லூருக்கு வந்துசேர்ந்தோம். ஆனால் நான் ஏங்குவது அந்தக் குளிருக்காக இல்லை. அது வருவதற்கு முன்னால், செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் முதல் வாரம்வரை, அந்த ஊர் கிடந்து பரபரக்குமே, அந்த ஏழெட்டு வாரங்களுக்காக.

பாஸ்டனுக்கு மேற்கே ஒரு சிற்றூர் எங்களுடையது. பக்கத்து ஊரான ஸ்டோ ஆப்பிள் தோட்டங்களுக்குப் பேர்போனது. மற்ற மாதங்களில் எங்கள் தெருவில் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. தபால் பெட்டியைத் திறக்கும்போது கையசைப்பார்கள், வானிலையைப் பற்றி ஒரு வாக்கியம் பேசுவார்கள், அதோடு சரி. முன்கூட்டிச் சொல்லாமல் ஒருவர் கதவைத் தட்டினால் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்துக்கொள்வார்கள். இதை மறைத்துவிட்டு அந்த ஊர் மனிதர்களைப் புகழ்ந்தால் அது பொய். அதே ஆட்கள்தான் ஆப்பிள் பழுத்ததும் வேறு மாதிரி ஆகிவிடுவார்கள்.

இலைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படத்தில் பார்க்காதவர் இல்லை. பகல் குறையக் குறைய, மரம் இலைக்காம்பின் அடியில் தக்கை மாதிரி ஓர் அடுக்கை வளர்த்து வழியை அடைக்கிறது. இருக்கிற பச்சையம் சிதைகிறது, புதிதாகச் சேர்வதில்லை. கோடை முழுக்கப் பச்சைக்குப் பின்னால் மறைந்திருந்த மஞ்சள் அப்போதுதான் தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல. இலையில் சிக்கிக்கொண்ட சர்க்கரையை வைத்து மேப்பிள் மரம் அந்தச் சமயத்தில்தான் அதைத் தயாரிக்கிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் அமைந்தால் சிவப்பு கூடும். வெர்மான்ட்டின் வடகோடியில் செப்டம்பர் கடைசியில் கிளம்பும் நிறம் எங்கள் பக்கம் இறங்கிவர அக்டோபர் நடுவாகிவிடும். எந்தப் பகுதியில் இன்றைக்கு எவ்வளவு சிவப்பு என்று தொலைக்காட்சியில் வரைபடம் போடுவார்கள். வெளியூர்க்காரர்கள் பேருந்து பேருந்தாக வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். ஊர்க்காரர்களுக்கு இலை என்றால் வாருவதுதான். வாரி, இடுப்புயரக் காகிதப் பைகளில் திணித்துத் தெரு ஓரத்தில் வைக்க வேண்டும். நாங்கள் போன புதிதில் அது பேச்சோடு நடக்கிற வேலை, வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவரும் வாரிக்கொண்டிருப்பார். பிறகு இலையை ஊதித்தள்ளும் இயந்திரம் வந்து பேச்சையும் ஞாயிற்றுக்கிழமைக் காலையையும் சேர்த்தே கெடுத்துவிட்டது.

ஊர் நூலகத்தின் நுழைவாயிலில் ஒரு அறிவிப்புப் பலகை உண்டு. ஜனவரியில் அதில் தொலைந்துபோன பூனையின் படம் மட்டும் தொங்கும். செப்டம்பர் வந்துவிட்டால் ஊசி குத்த இடமிருக்காது. நூலகத்துக்கு நிதி சேர்க்கும் பழைய புத்தக விற்பனை: கடைசி நாளில் ஒரு பை கொள்கிற அளவு அள்ளிக்கொண்டு ஒரே விலை கொடுத்துவிட்டுப் போகலாம். வைக்கோல் வண்டிச் சவாரி. சோளக்கொல்லைக்குள் வெட்டிய புதிர்ப்பாதை. தீயணைப்பு நிலையத்தில் ஊருக்கெல்லாம் திறந்த வாசல். 1871 அக்டோபரில் சிகாகோ நகரம் எரிந்த நினைவாக, அக்டோபர் 9 வருகிற வாரம் அந்த நாட்டில் தீத்தடுப்பு வாரம். எங்கள் ஊர்க் குழந்தைகளுக்கு அதன் அர்த்தம், தலைக்குப் பொருந்தாத தீயணைப்புத் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு சிவப்பு வண்டிமேல் ஏறலாம் என்பது. பெரியவர்களுக்கு, தீயணைப்பு வீரர்கள் அடுப்பின் முன்னால் நின்று சுட்டுப்போடும் பான்கேக். எதற்கும் அழைப்பிதழ் கிடையாது. பலகையில் நாளும் நேரமும் இருக்கும், அவ்வளவுதான். புதிதாகக் குடிவந்தவர்களுக்கு அதைவிடச் சுலபமான வழி வேறில்லை. யாருக்குச் சொல்லி, யார் மூலம் போவது என்ற கூச்சமே எழாது.

இவற்றில் நான் அதிகம் நினைப்பது தேவாலயத்துச் சனிக்கிழமைச் சாப்பாட்டை. ஊர் நடுவே ஒரு புல்வெளி, அதன் ஓரமாக வெள்ளைக் கோபுரத்தோடு ஒரு பழைய மரத் தேவாலயம். நியூ இங்கிலாந்தில் பாதி ஊர்கள் இப்படித்தான் இருக்கும். அதன் அடித்தளக் கூடத்தில் நீள மேசைகள் போட்டு, காகிதம் விரித்து, மாலை ஐந்து மணிக்கே பந்தி. கூரையைச் செப்பனிடவோ கொதிகலனை மாற்றவோ பணம் சேர்ப்பதாகச் சொல்லுவார்கள். நீங்கள் எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை, பிரசங்கமும் கிடையாது. பன்றித்தொடை இறைச்சி, முட்டைக்கோஸ் சாலட், பாஸ்டன் பீன்ஸ், பழுப்பு ரொட்டி. சின்ன வெள்ளைப் பயற்றை முந்தின இரவே ஊறவைத்து, சர்க்கரைக் கழிவுப்பாகும் கடுகும் சேர்த்து, பானையோடு அடுப்புக்குள் வைத்து நாள் முழுக்க வேகவிடுவதுதான் அந்த பீன்ஸ். பழுப்பு ரொட்டிதான் என்னை வியக்கவைத்தது. மக்காச்சோள மாவு, ரை மாவு, கோதுமை மாவு மூன்றையும் மோர் விட்டுக் கரைத்து, அதே பாகு சேர்த்து, காலியான காபி டப்பாவில் ஊற்றி ஆவியில் வேகவைக்கிறார்கள். இட்லி தின்று வளர்ந்தவளை இதைவிடச் சுலபமாக வளைத்துப்போட முடியாது. டப்பாவின் வரிகள் பதிந்த அந்த உருளையை வட்ட வட்டமாக நறுக்கி, வெண்ணெய் தடவிச் சூட்டோடு தின்ன வேண்டும்.

பீன்ஸில் உப்பிட்ட பன்றிக்கொழுப்பு கிடக்கும். அதனால் முதல் வருஷம் ரொட்டியும் கோஸும் மட்டும் தின்றுவிட்டு எழுந்தோம். பரிமாறிக்கொண்டிருந்த ஒரு பாட்டியம்மா அதைக் கவனித்திருக்க வேண்டும். ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வருஷம் மேசையின் ஓரத்தில் ஒரு சின்னப் பானை இருந்தது. மூடியில் ஒட்டிய நாடாவில் 'பன்றி இல்லை' என்று எழுதியிருந்தது. அவர் காலமான பிறகும் அந்தப் பானை வருஷாவருஷம் வந்தது. யார் செய்து கொண்டுவந்து வைக்கிறார்கள் என்பது எங்களுக்குக் கடைசிவரை தெரியாது. விசாரிக்கவும் இல்லை, சாப்பிட்டோம்.

பரங்கிக்காய் விஷயத்தில் அந்த மனிதர்களுக்குக் கொஞ்சம் பைத்தியம் என்றே சொல்லுவேன். பாஸ்டனுக்கு வடக்கே டாப்ஸ்ஃபீல்டில் அக்டோபர் தொடக்கத்தில் விவசாயக் கண்காட்சி கூடும். 1818இல் ஏற்பட்ட எசெக்ஸ் வேளாண் சங்கம் நடத்துவது. மாடு, கோழி, தேன், தையல் எல்லாவற்றுக்கும் பரிசு உண்டு. ஆனாலும் கூட்டம் மொய்ப்பது பரங்கிக்காய் எடைபோடும் இடத்தில்தான். 2012இல் ரோட் ஐலண்ட்காரர் ரான் வாலஸ் கொண்டுவந்த காய் அங்கே 2,009 பவுண்டு நின்றது, கிலோவில் 911. 2,000 பவுண்டைத் தாண்டிய உலகின் முதல் பரங்கிக்காய் அது. காய்க்குக் கச்சை கட்டி, இயந்திரத்தால் தூக்கித் தராசில் இறக்கும்போது கூட்டத்தில் ஒருவரும் மூச்சுவிட மாட்டார்கள். நாங்கள் போன வருஷம், இது குழம்புக்கு ஆகுமா என்று இவர் பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். ஆகாதாம், அத்தனையும் நீரும் நாரும்தானாம். பிறகு எதற்கு இவ்வளவு பாடு என்று இவர் கேட்கவில்லை. நான் வீட்டில் வருஷா வருஷம் கொலு வைக்கிறவள், எனக்குப் புரிந்தது.

நியூ ஹாம்ப்ஷயரின் கீன் நகரில் நடந்தது வேறு வகைப் போட்டி. பரங்கிக்காயைக் குடைந்து முகம் செதுக்கி, உள்ளே விளக்கேற்றி, ஒரே மாலையில் எத்தனை எரிகின்றன என்று எண்ணுவார்கள். 2013இல் 30,581 எரிந்து உலக சாதனையானது. ஊரின் ஜனத்தொகையே 23,000 சொச்சம். மறுவருஷம் விழா நாளில் கல்லூரிப் பக்கம் குடியும் கலவரமுமாகி, போலீஸ் கண்ணீர்ப்புகை போடும்படி ஆயிற்று. அதற்கடுத்த வருஷ விழாவுக்கு நகரசபை அனுமதி தரவில்லை. எண்ணிக்கைக்கு ஆசைப்பட்ட திருவிழா எந்த ஊரிலும் இப்படித்தான் போகும். எங்கள் ஊர்ப் புல்வெளியில் பள்ளிப் பிள்ளைகள் செதுக்கிவைத்த கோணல் முகங்கள் எனக்குப் போதுமாக இருந்தன. அவற்றையும் அணில்கள் இரவோடிரவாகக் கடித்து மூக்கில்லாமல் ஆக்கிவிடும்.

வீட்டு விருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் பக்கம் விருந்து என்றால் வீட்டுக்காரி இரண்டு நாள் முன்பே சமையலறைக்குள் போய்விட வேண்டும், விருந்தாளிகள் போனபிறகு படுத்துக்கொள்ள வேண்டும். அங்கே அக்டோபர் மாலை விருந்துக்கு வீட்டுக்காரர் ஒரே ஒரு பெரிய பாத்திரத்துக்குப் பொறுப்பேற்றால் போதும். பெரும்பாலும் அது சைடர். ஆப்பிளை நசுக்கிப் பிழிந்து வடிகட்டாமல் விட்ட பழுப்புச் சாறு, புளிக்காதது. தோட்டத்திலிருந்தே கேன் கேனாக வாங்கலாம். பட்டை, கிராம்பு, ஆரஞ்சு வட்டங்கள் போட்டு, கொதிக்கவிடாமல் சின்னச் சூட்டிலேயே மணிக்கணக்காக வைப்பார்கள். நான் ஒரு துண்டு சுக்கு தட்டிப்போடுவேன். அதற்குப் பிறகு தெருவில் இரண்டு வீடுகளில் சுக்கு கேட்டார்கள். வந்தவர்கள் தாங்களே ஒரு கோப்பை மொண்டுகொண்டு கொல்லைப்புறத்து நெருப்பைச் சுற்றிப் போய் உட்கார்ந்துவிடுவார்கள். வீட்டை ஒழிக்க வேண்டியதுகூட இல்லை, யாரும் உள்ளே வருவதில்லையே.

மற்றதெல்லாம் விருந்தாளிகள் கையில் வரும். யார் என்ன கொண்டுவருவது என்று முன்னதாக ஒரு தாள் சுற்றும். அந்தத் தாள் இல்லாவிட்டால் பத்து வீட்டிலிருந்தும் பிரவுனிதான் வரும். எதிர்வீட்டம்மா எப்போதும் ஆப்பிள் கிரிஸ்ப் என்று எழுதுவார். புளிப்பும் இனிப்புமான கார்ட்லண்ட் ஆப்பிளைச் சீவித் தட்டில் பரப்பி, ஓட்ஸ், பழுப்புச் சர்க்கரை, வெண்ணெய், பட்டைப்பொடி பிசிறித் தூவி, மேல் மொறுமொறுப்பாகும்வரை அடுப்புக்குள் வைப்பது. நான் க்ரான்பெரித் தொக்கு. மாசசூசெட்ஸின் தென்கிழக்கில் சதுப்பு வயல்களில் விளைகிற பழம் அது. உள்ளே காற்றறைகள் இருப்பதால், அறுவடைக்கு வயலில் தண்ணீரைக் கட்டினால் பழமெல்லாம் மிதந்து வயலே சிவப்பாகிவிடும். சும்மா தின்ன முடியாத புளிப்பு. மாங்காய் கிடைக்காத ஊரில் அந்தப் புளிப்பைத் தமிழ்ப் பெண்கள் விடுவார்களா? நல்லெண்ணெயில் கடுகு தாளித்து, மிளகாய்ப்பொடி, வெந்தயப்பொடி, பெருங்காயம் போட்டு வதக்கினால் எண்ணெய் பிரியும்போது நம் வீட்டு வாசனை வந்துவிடும். அவர்கள் அதைச் சீஸோடு தின்றார்கள். முதலில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பிறகு நானும் அப்படியே தின்றேன்.

நவராத்திரியும் இந்த வாரங்களுக்குள்தான் வரும். ஆஷ்லண்டில் 1990இல் கும்பாபிஷேகம் ஆன லட்சுமி கோவில் அந்த நாட்களில் நிரம்பி வழியும். எங்கள் வீட்டில் புத்தக அலமாரிப் பலகைகளை அட்டைப்பெட்டிகள்மேல் அடுக்கிப் படி கட்டுவோம். உள்ளங்கையில் அடங்கும் குட்டிப் பரங்கிக்காய்கள் அங்கே அழகுக்கென்றே விற்கும். செட்டியார் பொம்மையின் கடையில் அவற்றையும் சரக்காக வைத்துவிடுவேன். முதலில் தமிழ்க் குடும்பங்களை மட்டும்தான் கூப்பிட்டோம். பிறகு தெருவுக்கும் சொன்னேன், ஞாயிறு மூன்றிலிருந்து ஆறுவரை எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று. வந்தார்கள். ஒரு தாத்தா ராமர் செட்டைக் கையில் எடுத்து விலை என்ன என்றார். தேவாலயச் சந்தையில் மேசைமேல் அடுக்கியிருப்பதெல்லாம் விற்பனைக்குத்தானே? சுண்டலுக்கு யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. நான் பார்த்த கொலுக்களில் ஆண்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள், இல்லாவிட்டால் காரிலேயே உட்கார்ந்திருப்பார்கள். அங்கே ஆண்கள்தான் படியருகில் குனிந்து ஒவ்வொரு பொம்மையாகக் கதை கேட்டார்கள். இவருக்கு ராமாயணம் மறந்துபோய், என் மகள் திருத்தினாள்.

கடைசியில் ஹாலோவீன். பேய், சூனியக்காரி என்று அதை நம் ஊரில் பலர் முகம் சுளிக்கிறார்கள். எங்கள் தெருவில் அது குழந்தைகள் வேஷம் போட்டுக்கொண்டு மிட்டாய் வாங்க வீடு வீடாக ஏறும் ஒரு மாலை. 1950இலிருந்து சில பிள்ளைகள் யூனிசெஃப் உண்டியலையும் சேர்த்து நீட்டுவது வழக்கம். அதில் சில்லறை, பையில் சாக்லேட். குளிருக்குப் பயந்து அம்மாக்கள் மேலே கோட்டை மாட்டிவிட, ராணி யார் கொள்ளைக்காரன் யார் என்று தெரியாது. அந்த மாலைக்கு எழுதாத விதி ஒன்றுண்டு: வாசல் விளக்கு எரிந்தால் வரலாம், அணைந்திருந்தால் அந்த வீட்டைத் தாண்டிப் போய்விட வேண்டும். கேள்வி கிடையாது, மனவருத்தம் கிடையாது. துக்க வீடாக இருக்கலாம், தலைவலியாக இருக்கலாம், மிட்டாய் தீர்ந்திருக்கலாம். விருந்தோம்பலில் 'இன்றைக்கு முடியாது' என்று சொல்ல இவ்வளவு நாகரிகமான வழியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இங்கே அழைப்பு மணி அடித்தால், தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுந்து, தூங்கவில்லை என்று சொல்ல வேண்டும்.

நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். மறுநாளிலிருந்து நாலரைக்கெல்லாம் இருட்டு. நன்றி நவிலும் நாள் பாக்கி இருக்கும், ஆனால் அது குடும்பத்துக்குள் நடப்பது, ஊருக்கு அதில் வேலையில்லை. மார்ச்வரை அறிவிப்புப் பலகையில் மீண்டும் பூனை.

அந்தப் பரபரப்பு ஏன் என்று இங்கே வந்தபிறகுதான் யோசித்தேன். அவர்கள் ஒன்றும் நம்மைவிட அன்பானவர்கள் இல்லை. கதவு சாத்தப்போகிறது என்று தெரிந்தவர்கள். பனி விழுந்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரை வசந்தத்தில்தான் பார்க்க முடியும் என்பதால், பார்க்க வேண்டியவர்களை எல்லாம் அந்த எட்டு வாரத்துக்குள் பார்த்துவிடுகிறார்கள். அந்த அவசரத்தில் புதியவர், பழையவர், எந்த நாட்டுக்காரர் என்று சலிக்க நேரமிருக்காது.

"ஏன், நமக்கு மார்கழி இல்லையா?" என்கிறார் இவர். இருக்கிறது. டிசம்பரில்தான் சென்னை மனிதர்கள் நடமாடத் தகுந்த ஊராகிறது. கச்சேரிக்கும் போகிறேன், சபா கேன்டீனில் வரிசையில் நின்று சாப்பிடவும் சாப்பிடுகிறேன். ஆனால் பக்கத்து நாற்காலியில் சாப்பிட்டவர் யார் என்று தெரியாமலே எழுந்து வருகிறேன். அந்த அடித்தளக் கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவரின் கிணற்று மோட்டார் எந்த மாதம் தகராறு செய்யும் என்பதுவரை எனக்குத் தெரியும். மார்கழி போனால் நம்மை எதுவும் உள்ளே வைத்துப் பூட்டுவதில்லை. தை வரும், மாசி வரும். கீழ்வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம். அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறோம்.

அக்டோபர் காலைகளில் கைபேசியில் அந்த ஊரின் வெப்பநிலையைப் பார்க்கிறேன். 6 டிகிரி, 4 டிகிரி. இவரிடம் சொல்வதில்லை, முழங்காலைத் தடவிக்கொள்வார்.

எங்கள் அடுக்ககச் சங்கச் செயலாளரிடம் சொல்லிப் பார்த்தேன். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கார் நிறுத்துமிடத்தில், வீட்டுக்கொரு பாத்திரம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"பண்ணலாம் மேடம். சீஃப் கெஸ்ட் யாரு?"

யாரும் இல்லை என்றேன்.

"குத்துவிளக்கு?"

அதுவும் வேண்டாம்.

"அப்ப என்ன ஃபங்ஷன்னு நோட்டீஸ்ல போடறது?"

மழைக்கு முன்னால் என்று போடுங்கள் என்றேன். சந்தேகத்தோடுதான் எழுதிக்கொண்டார். லிஃப்டுக்குப் பக்கத்தில் தாள் ஒட்டியாகிவிட்டது, பெயருக்கு எதிரே கொண்டுவரும் பண்டத்தை எழுத வேண்டும். நேற்றுவரை ஒன்பது வீடு எழுதியிருக்கிறது. அதில் ஆறு தயிர்சாதம். இரண்டாம் மாடிப் பையன் 'ஐஸ்' என்று மட்டும் எழுதியிருக்கிறான். நான் நெல்லிக்காய்த் தொக்கு.